மச்சினனுக்குக் காவல்

என் மனைவியின் தம்பி அடுத்த மாதம் அவளுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்கப் போகிறான். தேதி குறித்தாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து அந்த மனுஷன், மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போய், கூடாரம் போட்டுத் தங்கி, ரப்பர் படகில் ஆற்றில் இறங்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கூடவே கூடாது என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன். கூடாது என்று சொல்ல நீங்கள் யார் என்று என் மனைவி கேட்டாள். அதற்கு மேல் என் கால் தரையில் இறங்கிவிட்டது.

அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். முப்பத்து நான்கு வயது. பத்து வருடமாக இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசிப் பேசியே எங்கள் காதைத் துளைத்தவன். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஒரு தடங்கல் வந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு முரட்டு விளையாட்டுகளை யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாளே வண்டிக்குப் புது டயர் போட்டுவிட்டான். அவன் போகட்டும், நீங்களும் கூடப் போங்கள் என்றாள் மனைவி. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு உன்னை யார் கூட்டிப் போவது என்று கேட்டேன். மகள் ஸ்கூட்டரில் கூட்டிப் போவாளாம். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

எனக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல், மேஜை, கடை முகப்பு என்று அளவுக்கு அறுத்துக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது. இருபத்தாறு வருடமாக உடைகிற சாமானோடுதான் பிழைப்பு. எந்த மூலைக்கு அட்டை, எங்கே பழைய போர்வை, கயிறு எத்தனை சுற்று என்பதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. அப்படிப்பட்டவன் கண்ணெதிரே, அறுபது கிலோ எடையுள்ள ஒரு பார்சல் தானாகவே வண்டியில் ஏறி, தானாகவே ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

முந்நூற்று எண்பது கிலோமீட்டர். அவன் முன்னால், நான் என் பழைய வண்டியில் பின்னால். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் இடுப்பையே பார்த்தபடி ஓட்டினேன். லாரி ஒன்று அவன் பக்கமாக ஒதுங்கினால் நான் ஹாரன் அடித்தேன். அவன் வேகம் எடுத்தால் ஹாரன் அடித்தேன். நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஓரம் கட்டச் சொல்லித் தண்ணீர் குடிக்க வைத்தேன். நான்காவது தடவை பாட்டிலை நீட்டியபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, நீங்க எனக்குக் காவலா, கிட்னிக்குக் காவலா?"

"ரெண்டும் ஒரே பைக்குள்ளதானே இருக்கு. குடி," என்றேன்.

சாயங்காலம் ஆற்றுக்கு மேலே இருந்த முகாம் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையாகக் கூடாரங்கள், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவறை, வாசலில் பெயர் எழுதிக்கொள்ள ஒரு மேஜை. கூடாரம் அடிக்கும் வேலையை அவனிடம் விட்டுவிட்டுத் தரையில் இருந்த கற்களைப் பொறுக்கினேன். இரண்டு பாய்களையும் அவன் பக்கம் போட்டேன். எனக்குக் கீழே ஒரு தார்ப்பாய் மட்டும். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை என்றான். கிண்டல்தான். ஆனால் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நான் என் பங்கைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் சின்ன அடுப்பில் டீ போட்டோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"பயமா இருக்கு மாமா. யார்கிட்டயும் சொல்லல. அக்காவுக்குச் சேர்றது நான் ஒருத்தன்தான்னு ஆனப்புறம் பயந்து என்ன பண்றது?"

பிறகு, தன் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள் என்று சொன்னான். உங்கள் மாமாவுக்குச் சேரவில்லையா, நன்றாகப் பார்த்தார்களா என்று. அவளை அவன் கோபித்துக்கொண்டானாம். மாமாவுக்குச் சேர்ந்திருந்தால் அவர் நம்மைக் கேட்கவே விட்டிருப்பாரா என்று சொல்லி அவள் வாயை அடைத்தானாம். மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அழுதாளாம்.

என் கையில் இருந்த டீ ஆறிவிட்டது. ஏனென்றால் எனக்கு யாரும் எதையும் பார்க்கவே இல்லை.

நடந்தது இதுதான். நான்கு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில், கொடுக்க விருப்பமுள்ள உறவினர்கள் முதலில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள் என்றார்கள். என் மனைவியை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான்தான் முதல் ஆளாகப் போனேன். பரிசோதனை அறை வாசல்வரை போனேன். இருபது வயதில் ஒரு கண்ணாடிப் பலகை நழுவி என் முன்கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்திருக்கிறது. மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காமலே தையல் போட்டார்கள். அந்த அறையின் டெட்டால் வாசனை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. பத்து நிமிஷம் சுவரோரம் நின்றேன். திரும்பி வந்து, "குரூப் சேரலையாம்," என்றேன். அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள். மறுவாரம் தம்பி தானாகவே வந்து நின்றான், அவனுக்குச் சேர்ந்தது. அதன் பிறகு உண்மையைச் சொல்ல நாள் பார்த்தேன், ஒரு நாளும் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதும் பொய், எனக்கு வாயில்லை. அன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

காலையில் படகுத் துறைக்கு இறங்கினோம். தகர ஷெட் ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்து எல்லோரிடமும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஆளுக்கொரு நனையாத மஞ்சள் காகிதப் பட்டையில் தடித்த மார்க்கரால் எழுதி, மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள். அவசரத்துக்கு உதவுமாம். என் முறை வந்தபோது அவள் லைசென்ஸைப் பார்த்து எதைப் பெரிதாக எழுதுகிறாள் என்று தெரிந்தது. ரத்த குரூப்.

ஓ பாசிடிவ்.

மச்சினன் கையில் பி பாசிடிவ். அவன் அக்காளுக்கும் அதேதான். அவன் வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு எடுக்கிறவன். எந்த குரூப் யாருக்குக் கொடுக்கலாம் என்பது அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஓ குரூப்காரன் யாருக்கும் கொடுக்கலாம் என்று படம் போட்டுப் பாடம் நடத்துகிறவன். நான் முழுக்கைச் சட்டையை இறக்கிப் பட்டையை மூடிக்கொண்டேன். வெயிலில் எதற்கு மாமா முழுக்கை என்றான். தோல் கறுத்துவிடும் என்றேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் சொல்கிற காரணமா அது? நல்லவேளை, அவன் தலைக்கவசத்தின் வாரை இறுக்குவதில் இருந்தான்.

படகில் ஆறு பேர். முன்னால் நாங்கள் இருவரும், எங்களுக்குப் பின்னால் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அவர்களுக்குப் பின்னால் இரண்டு வங்கி ஊழியர்கள். எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து கைடு சத்தம் போட்டான். துடுப்பு போடு, நிறுத்து, குனிந்து உட்கார். முதல் இரண்டு சுழிப்புகளும் சும்மா ஆட்டிவிட்டன. ஜோடி சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கை மச்சினனின் மிதவைச் சட்டையில். விடுங்க மாமா, துடுப்பு போட முடியலை என்று இரண்டு தரம் சொன்னான். நான் விடவில்லை.

மூன்றாவது சுழிப்பில் படகு ஒரு பாறையில் மோதி எழும்பியது. குனியச் சொன்னார்கள். அவன் குனிந்தான். அவன் மேலேயே கண்ணாக இருந்த நான் குனியவில்லை. காவல்காரன் தண்ணீரில் விழுந்தேன்.

எலும்புக்குள் இறங்குகிற குளிர். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். மிதவைச் சட்டை என்னை மேலே தூக்கிவிட்டது, ஆனால் ஆறு என்னைத் தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. படகு என்னை ஒட்டி வந்தபோது மச்சினன் பாதி உடம்பை வெளியே நீட்டி என் கையைப் பிடித்தான். சட்டைக்கை முழங்கைவரை சுருண்டிருந்தது. இழுத்துப் படகுக்குள் போட்டான். நான் குப்புறக் கிடந்து இருமினேன். அவன் இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்க்கர் மை கொஞ்சம்கூடக் கரையவில்லை.

"ஓ பாசிடிவ்வா மாமா?"

"ஆமா."

கையை விட்டான். துடுப்பை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கரை சேர ஒரு மணி நேரம் ஆனது. ஆறு அமைதியாக அகலமாக ஓடியது. கைடு பறவைகளைக் காட்டினான். வங்கி ஊழியர் ஒருவர் எனக்குத் துண்டு கொடுத்தார். திரும்பவும் தண்ணீரில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

கரையில் கற்கள் மேல் உட்கார்ந்து நானே சொன்னேன். வாசல்வரை போனது, திரும்பி வந்தது, எல்லாம். காரணம் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, பயம் என்றேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

திங்கட்கிழமை நான் பரிசோதனைக்குப் போகிறேன், எல்லாம் சேர்ந்தால் நான்தான் கொடுப்பேன் என்றேன். சேராவிட்டால் நான் இருக்கிறேன், அதற்கொன்றும் இல்லை என்றான். அந்த வார்த்தையில்தான் எனக்குக் கண் நிறைந்தது. முகமெல்லாம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் மானம் தப்பியது.

கூடாரத்தை அவனே பிரித்தான், அவனே மடித்தான். என்னைத் தொட விடவில்லை. மலையிறங்கும்போது வேகமாகப் போனான். வளைவுகளில் அவன் வண்டி சாய்வதைப் பார்த்து விரல் ஹாரனுக்குப் போனது. ஹாரனில் வைத்த விரலை எடுத்துவிட்டேன். மெதுவாகப் போ என்று சொல்லும் யோக்கியதை என்னிடம் இல்லை.

அடிவாரத்தில் பெட்ரோல் பங்க் அருகே அலைபேசிக்கு சிக்னல் கிடைத்தது. அவன் வண்டியை நிறுத்தி, எனக்காகக் காத்திருந்தான். நான் இருபதடி தள்ளிப்போய் மனைவியை அழைத்தேன். அன்றைக்கு அவளுக்கு டயாலிசிஸ் நாள். இயந்திரத்தின் சத்தம் பின்னால் கேட்டது. வளைத்துப் பேசினால் தைரியம் போய்விடும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன்: நான் அன்றைக்கு ரத்தம் கொடுக்கவே இல்லை.

"தெரியும்," என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். அந்த வாரமே என்றாள். என் ரிப்போர்ட் வாங்கப் போனபோது உங்கள் ரிப்போர்ட்டையும் கேட்டேன், அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள் என்றாள். ஏதோ வானிலைச் செய்தி சொல்வது மாதிரி சொன்னாள். நான்கு மாதமாக எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு, என் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு, தெரிந்தேதான் இருந்திருக்கிறாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பீங்க. அதான் கேக்கல. அவன் கேக்காமலே வந்தான்."

அவனுக்குப் பயமாக இருக்கிறதாம் என்றேன். இயந்திரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், தெரியும், ஆனால் எனக்கும் உயிரோடு இருக்க ஆசை என்றாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் தனக்காக எதையும் ஆசை என்று சொல்லி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை போகிறேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள்.

திரும்பி நடந்தேன். மச்சினன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டான். இனி யாரிடமும் பொய் சொல்வதில்லை என்று மலையிறங்கும்போதுதான் முடிவு செய்திருந்தேன்.

"அவளுக்கு இதுவரைக்கும் தெரியாதாம். வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அவனுக்குத் திருப்தி. ஆனால் அவன் முகம் தெளிந்ததற்கு அது காரணமில்லை. தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னான்:

"எனக்குத் தெரியும் மாமா. அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா என்னை இதுல இறங்கவே விட்டிருக்க மாட்டா."

"மாட்டா," என்றேன்.