மிஸ் எவடம்?

1

இது கதையாக வர இருந்ததல்ல. ஆங்கில முன்னிடைச்சொற்களை விளக்கும் கட்டுரை ஒன்றைத்தான் எழுதத் தொடங்கினேன். இன், ஒன், அட், ஃபுறொம் என்று பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் சின்னச் சொற்கள். விளக்கத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டும், எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். ‘சுபாஷினி கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள்’ என்று எழுதினேன். இன்னோர் ஆளைத் தேடச் சோம்பல்பட்டு, ‘சுபாஷினி பஸ்ஸில் இருக்கிறாள்’ என்றும் எழுதினேன். மூன்றாவது வாக்கியத்தில் அவள் கொழும்பின் மறுகோடியில், வெள்ளவத்தையில் இறங்கினாள். எதற்கு இறங்கினாள் என்று யோசித்தேன். கட்டுரை அதோடு நின்றுவிட்டது.

2

தொடக்கம்: காலி வீதியில் வெயில் அப்போதுதான்

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகள் போதும்.)

தொடக்கம்: சுபாஷினிக்கு இருபத்தொன்பது வயது. கிராண்ட்பாஸில் ஓர் அச்சகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. அவளுக்கு வேண்டியது அந்த வேலை இல்லை.

(இதையே வைத்துக்கொள்வோம்.)

அவளுக்கு வேண்டியது ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தன் வீட்டு மேல்மாடியில், கனகேஸ்வரி என்பவர் ஆங்கில வகுப்பு நடத்துகிறார். படிப்பவர்கள் எல்லோரும் பெரியவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமோ கணவரிடமோ போகக் காத்திருப்பவர்கள். கனகேஸ்வரி தொலைபேசியில் சொல்லியிருந்தார்: “ஒரு டெமோ கிளாஸ் எடுங்கோ பிள்ளை. எங்கடை ஆக்களுக்குப் பிடிச்சால் திங்கட்கிழமையிலை இருந்து வரலாம்.”

(வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்குமுன் சுபாஷினி வழக்கமாக ஒன்று செய்வாள். தன் வீட்டு ‘ஆமா’வை ஆசனத்திலேயே விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தார் போல ‘ஓம்’ என்று தொடங்குவாள். ‘சொல்லுங்க’ அங்கேயே ‘சொல்லுங்கோ’ ஆகிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைக்காரரிடம் சிங்களத்துக்கு மாறுவது போல இதுவும் தானாக நடப்பது.)

3

வகுப்பு நன்றாகத்தான் போனது. இந்த இடத்தை எழுதும்போது எனக்கே உற்சாகம், ஏனென்றால் இது என் கட்டுரையில் மிஞ்சிய பகுதி.

தமிழில் ‘இல்’ என்ற ஓர் உருபே எல்லா வேலையையும் பார்க்கிறது: கொட்டாஞ்சேனையில், காலி வீதியில், பஸ் தரிப்பிடத்தில். ஆங்கிலம் ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்கிறது. எல்லை போட்ட இடமா? அப்படியானால் இன். கோடா, மேற்பரப்பா? ஒன். வரைபடத்தில் குத்திய புள்ளியா? அட். வாகனத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. காருக்கு இன், பஸ்ஸுக்கு ஒன். உள்ளே எழுந்து நிற்கலாம் என்றால் ஒன் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சுபாஷினி இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஓய்வூதியர் சிவபாதசுந்தரம் கையை உயர்த்தினார்.

“பிள்ளை, காலமை பஸ்ஸிலை எங்களுக்குக் கிடைக்கிறது அட் த டோர் மட்டும்தான்.”

“அங்கிள், பென்ஷன் எடுத்த ஆளுக்குக் காலமை பஸ்ஸிலை என்ன வேலை?” என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த ரூபிகா. கணவரிடம் போக விசாவுக்குக் காத்திருப்பவள்.

“சும்மா இருந்தா வீட்டிலை மரக்கறி வெட்டச் சொல்லுவினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கீழே குசினியிலிருந்து கனகேஸ்வரியின் சிரிப்பும் கேட்டது. கதையை இங்கே முடித்திருந்தால் சுபாஷினிக்கு வேலை கிடைத்திருக்கும்.

4

ஃபுறொம் எளிது என்று அவள் நினைத்தாள். நானும் நினைத்தேன். எங்கிருந்து தொடங்கியதோ அந்த இடம், அவ்வளவுதான். “ஒவ்வொருத்தரும் ஒரு வசனம் சொல்லுங்கோ,” என்றாள்.

சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்துக் காரைநகர் என்றார். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஒழுங்கையில் இருக்கிறார். ரூபிகா நெல்லியடி என்றாள், அதுவும் யாழ்ப்பாணம்தான். பிறந்தது கொழும்பிலேயே, பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில், வளர்ந்தது அடுத்த ஒழுங்கையில், நெல்லியடிக்குப் போனது இரண்டு தடவை, அதுவும் திருவிழாவுக்கு. யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வெள்ளவத்தை என்றால், கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

“மிஸ் எவடம்?” என்றாள் ரூபிகா.

“ஐ ஆம் ஃபுறொம் கொட்டாஞ்சேனை.”

சிவபாதசுந்தரத்தின் கை மறுபடி உயர்ந்தது.

“இல்லைப் பிள்ளை. கொட்டாஞ்சேனைக்கு இப்பத்தானே நீங்கள் இன் போட்டனீங்கள். ஃபுறொம் எவடம்?”

அவர் முகத்தில் குசும்பு இல்லை. பாடம் விளங்கிவிட்டது என்ற பெருமைதான் இருந்தது.

5

முதல் வரைவில் அவள் தானும் யாழ்ப்பாணத்து ஆள் போல “சாவகச்சேரி” என்று பொய் சொன்னாள். அடுத்த வரி தானாகவே வந்தது: “சாவகச்சேரியிலை எந்தப் பக்கம்?” அதற்கடுத்து எந்தக் கோயிலடி, அதற்கடுத்துத் தகப்பனின் பெயர். மூன்றாவது கேள்வியில் பிடிபட்டுவிடுவாள். கைவிட்டேன்.

இரண்டாவது வரைவில் மலையக ஊரான “டிக்கோயா” என்றாள். “ஆ, நல்ல குளிர் என்ன,” என்று யாரோ சொல்ல, பேச்சு வானிலைக்குப் போனது. எல்லோரும் மிகவும் மரியாதையாக இருந்தார்கள். அதன்பிறகு கனகேஸ்வரியிடமிருந்து தொலைபேசி வரவில்லை. தவிர, அது சரியான பதிலும் இல்லை. டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் அவளுடைய அப்பா புஷ்பராஜ். ரூபிகா நெல்லியடிக்குப் போன அளவுக்குத்தான் இவள் டிக்கோயாவுக்குப் போயிருக்கிறாள்.

மூன்றாவது வரைவில் சுபாஷினி வகுப்பை நேராகப் பார்த்து, ஒரு மனிதரிடம் இடத்தைக் கேட்பது என்பது உண்மையில்

(இல்லை. அது அவள் பேச்சு இல்லை, என் பேச்சு.)

6

ஃபுறொம், தொடங்கிய இடத்தைக் காட்டும். எவ்வளவு பின்னுக்குப் போய்த் தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதை இலக்கணம் எங்களிடமே விட்டிருக்கிறது.

ஆகவே நான்காவது வரைவில் அவள் மார்க்கரை மூடினாள்.

“நான் பொறந்தது கொட்டாஞ்சேனை. அப்பா பொறந்தது டிக்கோயாத் தோட்டம். தாத்தாவுக்கு இந்தியாவுல எந்த ஊருன்னு அப்பாவுக்கே தெரியாது. அதனால கொட்டாஞ்சேனைக்கு நான் இன், ஃபுறொம் ரெண்டையும் போடுவேன் அங்கிள்.”

பஸ்ஸில் விட்டுவந்த பேச்சு அது. எப்போது திரும்பி வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

சிவபாதசுந்தரம் கொஞ்சம் யோசித்தார். “அப்ப வெள்ளவத்தைக்கு நானும் ரெண்டையும் போடலாமோ?”

“போட்டுப் பாருங்கோ,” என்றாள் ரூபிகா. “காரைநகர்ச் சங்கத்திலை இருந்து உங்கடை பேரை வெட்டிப்போடுவினம்.”

சிலர் சிரித்தார்கள். எல்லோரும் இல்லை.

7

கனகேஸ்வரி தேநீர்த் தட்டுடன் வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, திங்கட்கிழமை

இங்கே நிறுத்துகிறேன். ஆங்கிலமாக இருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும், அங்கே வினைச்சொல் முன்னுக்கே வந்துவிடும். தமிழில் ஆளையும் நாளையும் சொல்லி முடித்த பிறகும் தீர்ப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. ‘வாங்கோ’ என்றும் வரலாம், ‘சொல்லுறன்’ என்றும் வரலாம். அவரைப் போன்ற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில வேளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

சுபாஷினி பையை எடுக்கவும் இல்லை, கதிரையில் அமரவும் இல்லை. வினைச்சொல் உங்களிடம் இருக்கிறது. தேநீர் ஆறுகிறது.