பிரார்த்தனை நேரத்துப் படங்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் தங்கை கல்யாணத்தில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "எனக்குன்னு என்னத்தக் கிழிச்சீங்க?" என்று அப்பாவைக் கேட்டுத் தொலைத்தேன். பஸ் ஓட்டி எங்களை வளர்த்த மனுஷன். இரண்டு வருஷமாகிறது, என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள்.

அப்பா வாராவாரம் போகிற பிரார்த்தனை மண்டபத்தில், ஆண்டு மலருக்காகக் கூட்டத்தைப் படமெடுக்கும் வேலை போட்டோகிராபரான எனக்கு வந்தது. அவரை ஒருதரம் பார்க்கலாமே என்றுதான் ஒப்புக்கொண்டேன். "எடுக்கிறது யாருக்கும் தெரியக் கூடாது தம்பி. ஃபிளாஷ் கூடாது, குறுக்க நடக்கக் கூடாது" என்றார் செயலாளர். சிரித்தால் சொத்து குறைந்துவிடும் என்பது போன்ற முகம்.

மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் கண்ணை மூடி வேண்டும்போது மட்டும் தூண் மறைவிலிருந்து எடுப்பது! அப்பா இருந்த பக்கம் பார்க்கத்தான் தைரியமில்லை. கேமராவை மட்டும் அங்கே திருப்பி அமுக்கிவிட்டு, தலையை வேறுபக்கம் திருப்பிக்கொள்வேன். நாலு வாரம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

படங்களைப் பார்த்த செயலாளர் எகிறினார். "என்னப்பா இது? முந்நூறு பேரும் குறட்டை விடுற மாதிரி இருக்கு! இதையா மலர்ல போடுறது?"

அட கடவுளே! அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து, திறந்த கண் ஒன்றாவது கிடைக்காதா என்று ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கித் தேடினேன். கிடைத்தது. கடைசி வரிசையில் அப்பா. நாலு வாரமும், அவர் இருந்த எல்லாப் படத்திலும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் கூட்டத்துக்குள் என்னைத் தேடும்போது அப்படித்தான் பார்ப்பார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுவாரம், எல்லோரும் பாடும்போது படமெடுத்தேன். நாலு பேர் முறைத்தார்கள், முறைக்கட்டும். பாட்டு முடிந்ததும் கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனேன்.

"அப்பா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்கப்பா."

முன்வரிசையிலிருந்து யாரோ உஷ் என்றார்கள். அப்பா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"இதச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமாடா? உக்காரு."