வாசலோடு நின்ற தண்ணீர்

என் மடிக்கணினிக்குள் படம் காட்டுகிற சிப் இரண்டு உண்டு. சின்னது சாது. கொடுத்த வேலையைச் செய்துவிட்டு, இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கும். பெரியது சாப்பாட்டு ராமன். கனமான படங்களை ஓட்டும்போது மட்டும்தான் அது தேவை. மற்ற நேரங்களில் அது தூங்க வேண்டும். ஆனால் நான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட நாளிலிருந்து அது தூங்கியதே இல்லை. சும்மா உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

நான் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருகிறவன். இந்த முறை வரைந்தது அக்காவுக்காக. அவளுடைய தையற்கடை கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறை. நான்கு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரோடு சுவராகத் துணிக்கட்டுகள். அந்தத் தெருவை மூன்றடி உயர்த்தப்போவதாக நகராட்சி அறிவித்திருந்தது. உயர்த்தினால் கடை பள்ளத்தில் போய்விடும். மழை பெய்தால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் தெருவை முழம் முழமாக அளந்து கணினிக்குள் கட்டினேன். அதில் மழையைப் பெய்யவிட்டால் தண்ணீர் ஓடி, கடைக்குள் புகுவது கண்ணுக்குத் தெரியும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு எட்டு நிமிடம் என்றார்கள். அதில் இதைக் காட்டிவிட்டால் போதும் என்று இருந்தோம்.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. யோக்கியமானவன் என்றால் படத்தை ஒத்திகை பார்த்திருப்பான். நான் பேட்டரியைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதையாவது நோண்டாமல் இருந்தால் எனக்குக் கை அரிக்கும். நான்காம் நாள் பெரிய சிப்பை ஒரேயடியாக அணைத்து வைத்தேன். எங்கள் தெருப்படத்துக்குச் சின்னதே போதும் என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரி ஐந்து மணி நேரம் என்று காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்பும்போது அத்தான் கேட்டார்: "சார்ஜர் எடுத்துக்கிட்டியா மாப்ள?"

"எதுக்கு அத்தான்? அஞ்சு மணி நேரம் தாங்கும்."

"எதுக்கும் பையில போட்டுக்கயேன்."

"நான்தான் சொல்றேன்ல?"

வேண்டுமென்றே அதைக் கடைச் சுவரிலேயே தொங்கவிட்டுவிட்டுப் போனேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கூட்டத்தில் எங்கள் எண் பதினான்கு. மெஷினை அணைக்காமல் மடியில் வைத்தபடி மூன்று மணி நேரம் இரும்பு நாற்காலியில் காத்திருந்தோம். அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கூப்பிட்டபோது பேட்டரி நாற்பத்து மூன்றில் இருந்தது. குமாஸ்தா புரொஜெக்டர் கேபிளை நீட்டினார். செருகினேன். சுவரில் நீலமாக 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

பிடுங்கிச் செருகினேன். ஊதிச் செருகினேன். அப்போதுதான் பொறி தட்டியது. வெளியே படம் அனுப்புகிற அந்தத் துளை பெரிய சிப்போடு மட்டும்தான் இணைந்திருக்கிறது. அதைத்தான் நான் அணைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் புரொஜெக்டர் ஏது, சோதித்துப் பார்க்க?

"என்ன தம்பி, வேலை செய்யலையா?" என்றார் மேஜையின் நடுவில் இருந்த அதிகாரி.

"மெஷினையே உங்க பக்கம் திருப்பிக் காட்டுறேன் சார்."

"கடைசி வரிசை வரைக்கும் தெரியணும். அதுதான் விதி."

"அப்போ மெஷினை அணைச்சுத் திரும்பப் போடணும் சார். ரெண்டு நிமிஷம்."

"போடுங்க. அதுவும் உங்க எட்டு நிமிஷத்துலதான்."

பெரிய சிப்பை எழுப்பச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. மற்ற நாளில் அதை ரசித்துப் பார்ப்பேன். அன்று ஒவ்வொரு வரியும் என் கழுத்தை அறுத்தது. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். கடைசியில் சுவர் முழுக்க எங்கள் தெரு வந்தது. அறையே நிமிர்ந்து பார்த்தது. மழை தொடங்கியது. மெஷினின் விசிறி மிக்ஸி மாதிரி இரைந்தது.

பேட்டரி முப்பத்தாறு. மிச்சம் இருந்த ஐந்து நிமிடத்துக்கு அது தாராளம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் பேட்டரி பழையது. பாரம் ஏறினால் அது காட்டுகிற எண் எல்லாம் பொய். முப்பத்தொன்று. இருபத்து நான்கு.

"யார்கிட்டயாவது சார்ஜர் இருக்கா?"

குமாஸ்தா பாவம், ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் முனை தடிமன். என் மெஷினின் துளைக்குள் போகவில்லை.

"சீக்கிரம்டா," என்றாள் அக்கா.

மழையை வேகப்படுத்தினேன். தண்ணீர் புதுத் தெருவிலிருந்து வழிந்து, திரும்பி, கடைப்படிகளில் இறங்கி, நிலைப்படியைத் தொட்டது. திரை அணைந்தது. விசிறியும் நின்றது.

"முடிஞ்சுதா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார், இனிமேதான் உள்ள வரும். ரெண்டே கால் அடி ஏறும்."

"படத்துல வரலையே தம்பி." அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "நேரமும் முடிஞ்சிடுச்சு."

குமாஸ்தா குறிப்பை வாசித்தார்: "மனுதாரர் தரப்பில் காட்டப்பட்ட படத்தில், மழைநீர் கடையின் நிலைப்படி வரை வந்து நின்றது."

"தண்ணி நிக்கல சார், படம்தான் நின்னுது!"

"பார்த்ததைத்தானே எழுத முடியும்?" என்றார் குமாஸ்தா. "அம்மா, இங்க ஒரு கையெழுத்து. போடலேன்னா நீங்க மனுவே கொடுக்காத மாதிரி ஆயிடும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

கடைக்குத் திரும்பியதும் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "வீட்லயே வீடியோவா எடுத்து ஒரு பென்டிரைவ்ல கொடுத்திருந்தா அவங்க மெஷின்லயே போட்டிருப்பாங்களே?"

கொடுத்திருக்கலாம். என் மெஷினில், என் கையால், அவர்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"மிச்சத்தைப் போடுடா," என்றாள் அக்கா.

சார்ஜரைச் செருகி வெட்டு மேஜையில் வைத்து ஓட்டினேன். ஒரு தடங்கலும் இல்லை. தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. மெஷின்களின் மிதிபலகையை மூடியது. கீழ்வரிசைத் துணிக்கட்டுகளை மூடியது. இரண்டாம் வரிசையையும் மூடியது. பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

"ரெண்டே கால் அடின்னு சொன்னியே, சரியாவா?"

"சரியாத்தான்க்கா."

அவள் அளவு நாடாவைத் தரையிலிருந்து பிடித்து, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு இழுத்தாள். மெஷின்களுக்குப் பின்னால் நுழைந்து, மேஜையைச் சுற்றி, கதவு வரைக்கும் கொண்டுபோய் முடித்தாள். கடையில் இருந்ததில் பெரும்பகுதி கோட்டுக்குக் கீழே இருந்தது. அக்கா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம், அவ்வளவுதான் இடம்.

"இத்தனையும் எங்கடா தூக்கி வைப்பேன்?" என்றாள்.

நான் எட்டிக் கடிகாரத்தைக் கழற்றினேன், அந்த இடமாவது கிடைக்கட்டும் என்று.