வெர்லன் டிஸ்டேல் போட்ட ஊளை

"கேட்டுச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு!"

"ஒடெஸா, மெதுவாப் பேசு. தெருவே பாக்குது."

"பாக்கட்டுமே! நாப்பதாயிரம் பேருக்கு நடுவுல கத்தத் தெரிஞ்ச வாய்தான? இப்ப எதுக்குக் குசுகுசுங்கறே?"

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தெரு என்றால் முக்கியமாக நான். குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளும் சாக்கில் வெளியே வந்திருந்தேன். குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை, அன்று செவ்வாய். நல்லவேளை, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒடெஸா ஹட்ஜின்ஸ் தன் வீட்டுப் படியின் மேலே நின்றாள். கீழே புல்லில் பக்கத்து வீட்டு வெர்லன் டிஸ்டேல், துணி போட்டு மூடிய சூடான பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி. கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் சுட்டது. எங்கள் அலபாமாவில் ஒரு வீட்டுக்குக் கெட்ட காலம் வந்தால் முதலில் படியேறுவது இந்தப் பாத்திரம்தான். அன்று அது படியேறவில்லை.

ஒடெஸாவின் ஒரே மகன் கோல்பி, பர்மிங்ஹாமில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். பத்து நாளாகியிருந்தது. மாற்றுத்துணி எடுத்துப் போகத்தான் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

வெர்லனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தைக் கையில் இடுக்கி ஓடுபவனை மோதிச் சாய்க்கிற எங்கள் ஊர் ஃபுட்பால்; எங்கள் கல்லூரியின் ஆட்டம் ஒன்றைக்கூட முப்பத்தோரு வருஷமாகத் தவறவிட்டதில்லை. சிறுநீரகக் கல்லோடு வந்து உட்கார்ந்த ஆள். ஆறாவது வரிசையில் அவருக்கும் ஒடெஸாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். ஏழாவது வரிசையில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான். கோல்பி எங்கள் பச்சைச் சட்டையில்தான் வளர்ந்தான். ஆனால் எங்கள் பயிற்சியாளர் 'உயரம் ரெண்டு அங்குலம் பத்தாது' என்று கையை விரித்துவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி அவனுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்தது. பெற்றவள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். வெர்லன்தான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதிலும் ஒரு வேடிக்கை. அவருடைய ஒரே மகள் மார்லாவின் விரலில் ஈஸ்டரிலிருந்து கோல்பி போட்ட மோதிரம். அம்மா இல்லாமல் இவர் ஒற்றையாளாக வளர்த்த பெண். அவளைக் கையைப் பிடித்து மாதாகோவிலுக்குள் நடத்திப்போகவென்றே நீலக் கோட்டு ஒன்று தைத்து, அதைப் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்து நின்றார்.

"எப்படியிருக்கேன் நெல்டா?"

"சவப்பெட்டி விக்கிற ஆளு மாதிரி இருக்கே."

"பொறாமை," என்றார் சந்தோஷமாக.

ஆட்டத்தன்று ஒடெஸா மேலே வெள்ளைச் சட்டையும் கீழே பச்சைப் பாவாடையும் போட்டு வந்தாள். "மேல எதிரி, கீழ நம்மாளா?" என்று வெர்லன் இழுத்தார். "உனக்கு வரப்போற மருமகன்யா எதிரி," என்றாள். எல்லோரும் சிரித்தோம். மார்லா எதிர்ப்பக்கம், கோல்பியின் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் கால் மணி. நாங்கள் நாலு புள்ளி பின்னால். எங்கள் பையன்கள் மூச்சு விட நேரம் கொடுக்காமல் முன்னேறிக்கொண்டிருந்தார்கள். அப்போது பத்துப் பேர் குவியலுக்கு அடியில் ஒரு வெள்ளைச் சட்டை எழுந்திருக்காமல் கிடந்தது.

இந்தத் தந்திரம் எங்களுக்கு மனப்பாடம். வேகத்தைக் கெடுக்க எதிரணிப் பயிற்சியாளர் கண்ணைக் காட்டுவார், ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுவான், கடிகாரம் நிற்கும். அதனால் வெள்ளைச் சட்டை விழுந்தால் எங்கள் ஊர் 'வலிக்கிறதா' என்று கேட்காது. ஊ என்று ஊளையிடும். அன்றைக்கும் இட்டது. இடிபோல, ஒரே குரலாக.

வெர்லன் பெஞ்சின்மேல் ஏறி நின்று, வாயருகே கையைக் குவித்தார். "நடிக்கிறான்! எழுந்திருடா! உங்கம்மா வந்து தூக்கி விடணுமா?"

அவன் அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வெர்லன். அது கோல்பி."

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு மைதானத்துப் பக்கம் திரும்பி இன்னும் ஒரு முறை ஊளையிட்டார்.

அதைப் பற்றி நான் நிறைய யோசித்தாகிவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை. நெஞ்சில் இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அப்புறம்தான் பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். மைதானத்தில் இரண்டு அணிப் பையன்களும் ஒற்றைக் காலில் மண்டியிட்டார்கள். வண்டியில் அவனைக் கட்டி ஏற்றியபோது அவனுக்குத் தெம்பூட்ட மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். சற்று முன் என் வாயருகே குவிந்திருந்த அதே கைகள்.

"எழுந்து நின்னு கைதட்டினோமே ஒடெஸா," என்றார் வெர்லன் இப்போது, பாத்திரத்தைக் கைமாற்றிக்கொண்டே. "மொத்தக் கூட்டமும்."

"அவனால தலையத் திருப்ப முடியல. காது கேட்டுச்சு. தொண்டையிலேர்ந்து குழாய எடுத்ததும் மொத மொத என்ன கேட்டான் தெரியுமா? 'அம்மா, நம்ம வரிசையுமா?'ன்னான்." அவள் ஒரு படி கீழே இறங்கினாள். "நான் என்ன பதில் சொல்லட்டும்? நான் சொன்னது காதுல விழுந்துமா கத்தினே?"

"எனக்குக் கேக்கல."

"நெல்டா! நீ பின்னாடிதான இருந்தே? சொல்லு!"

இந்தத் தெருவில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தது என்பதுவரை சொன்னவள் நான். அன்றைக்கு என் வாய், "நான் ஆட்டத்தப் பாத்திட்டிருந்தேன்," என்றது.

வலைக்கதவைத் திறந்துகொண்டு மார்லா வந்தாள், கோல்பியின் துணிப்பையோடு. "மிஸ் நெல்டா என்னிக்கு ஆட்டத்தப் பாத்திருக்காங்க?" என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அப்பா. அவன்னு தெரியாம கத்தியிருந்தீங்கன்னா எனக்கு உங்க மேல ஒண்ணுமில்ல. இப்பவே வந்து கட்டிப்பிடிச்சுப்பேன். தெரிஞ்சு கத்தியிருந்தா, நான் போயிருவேன். எதுன்னு சொல்லுங்க."

தப்பிக்க வழி அகலமாகத் திறந்திருந்தது. நானே பொய் சொல்லி உதவியும் செய்திருந்தேன். வெர்லன் பாத்திரத்தைப் புல்லில் வைத்தார்.

"கேட்டுச்சு கண்ணு," என்றார். "உடனே நிறுத்த வரல."

மார்லா படியிறங்கி, அவரைத் தாண்டிப் போய், ஒடெஸாவின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஒடெஸாவும் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஜூன் மாதம், ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் சின்னப் பிரார்த்தனை அறையில் மார்லாவுக்கும் கோல்பிக்கும் கல்யாணம் நடந்தது. பதினாலு பேர். அவனுக்கு வலது கையில் இரண்டு விரல் அசைய ஆரம்பித்திருந்தது. மார்லா யார் கையையும் பிடிக்காமல் தனியாக நடந்து வந்தாளாம். அன்று என்ன கிழமை என்று வெர்லன் வேலியோரம் வந்து என்னைக் கேட்டார். சனிக்கிழமை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய், காலையில் வெட்டிய புல்லையே மறுபடி வெட்டினார்.

ஒடெஸா வீட்டை விற்றுவிட்டு அவர்களோடு பர்மிங்ஹாமுக்கே போய்விட்டாள். வெர்லன் அந்த வருஷம் இருக்கைக்குச் சீட்டு வாங்கவில்லை. இலையுதிர் காலம் தொடங்கும் முன், முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், பக்கத்து மாநிலத்தில், பென்சகோலாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் குடிபோனார்.