மேற்கல்லின் ஓசை

சாயும் கதிரவன் ஆற்றின் அக்கரைக் கூரைகளைப் பொன்னால் மெழுகி, பாலத்தின் நிழலை நீர்மேல் நீளக் கிடத்தி, வீடு திரும்புவோர் முகத்துக் களைப்பையும் அழகாக்கிக் காட்டிய பிற்பகலில், தெருக்கோடியில் வெண்துகள் படிந்த தகரக் கூரையின்கீழ், எழுத்து வெட்டும் கல்தச்சர் தாம் முடித்த வரியை எட்ட நின்று நோக்கிக்கொண்டிருந்தார். எழுத்து வெட்டுவோர்க்கு இதனினும் இனிய பொழுது இல்லை, அன்புடையீர்! உச்சிவெயிலில் கல்லெழுத்து தட்டையாய்த் தோன்றும். சாய்ந்த ஒளியோ ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கரையை விளக்கி மறுகரையை இருளாக்கும். கல்லில் நாம் படிப்பது அந்த இருளைத்தான். ‘எல்லாரும் உள்ளே வரலாம்’ என்னும் அவ்வரி, ஊரார் கட்டிய படிப்பகத்தின் வாயில்மேல், மேற்கல்லாக, மறுவாரம் ஏறவேண்டியது.

எல்லைக்கல்லும் கிணற்றுக்கல்லும் இறந்தோர் பெயர்க்கல்லும் வெட்டி முதிர்ந்த அவர் கையை ஊர் புகழ்ந்தது. அதனினும் மிகுதியாக அவர் செவியைப் புகழ்ந்தது. இரு மரக்கட்டைகள்மேல் கல்லைக் கிடத்திச் சிறு சுத்தியால் தட்டினால், பழுதற்ற கல் மணிபோல் நின்று ஒலிக்கும். உள்ளே வெடிப்புடைய கல்லோ கீறல் விழுந்த பானைபோல் அடைத்துப் பேசும். ‘அவர் தட்டிப் பார்த்த கல் விழாது’ என்பது ஊரார் வாய்ச்சொல். ஆனால், வாழ்நாளெல்லாம் உளித்தலையில் அடித்த அடிகள் அந்தச் செவியைச் சிறிது சிறிதாகத் தின்றுவிட்டிருந்தன. பேச்சை உதடு பார்த்துப் பிடித்துக்கொண்டார், கல்லுக்கு உதடில்லையே! கல்லோசை கேளாதவனை நம்பி எவர் தலைக்குமேல் கல்லேற்றுவார் என்று அஞ்சி, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கல்லுடைப்போர் குடியிற் பிறந்து, மணலும் நீரும் இட்டுக் கல்லைத் தேய்த்து மெருகேற்றும் அவர் மனைவியிடம் மட்டும் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் தேர்ந்துவந்த கற்களில் சிலவற்றைத் தேய்க்கத் தொடங்கியதுமே, நிறம் பிடிக்கவில்லை என்றோ, துவைக்க ஒரு கல் வேண்டுமென்றோ சொல்லி, அவள் ஒதுக்கிவிடுவாள். இம்முறை அவள் தங்கையின் பேறுகாலத்திற்குச் சென்றிருந்தாள். அவரே தட்டினார், அவரே தேர்ந்தார், ஆளமர்த்தித் தேய்த்து, வரி முழுதும் வெட்டி முடித்தார்.

அந்தப் பிற்பகலில்தான் திரும்பி வந்தவள், மூட்டையை இறக்கிவைத்து, எழுத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, விளிம்பைத் தேய்க்கக் குனிந்தாள். தேய்கல் ஒருமுறை பட்டதும் அவள் கை நின்றது. விரல்முட்டியால் இங்கும் அங்கும் தட்டினாள்.

“இந்தக் கல்ல மேல ஏத்த வேண்டாங்க.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? இதுக்கு என்ன, நிறம் பிடிக்கலையா?”

“நிறம் நல்லாத்தான் இருக்கு. சத்தம் சரியில்ல.”

“எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு!”

“உங்களுக்குக் கேக்கலங்க,” என்றாள் அவள், அவர் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி, மெல்ல.

சினத்தால் சிவந்து அவர் சொல்லெடுக்குமுன், அவள் ஒரு குடம் நீரைக் கல்லின்மேல் கவிழ்த்தாள். கல்லெங்கும் கறுத்தது, பிறகு வெயிலில் மெல்ல வெளுத்தது. எழுத்துகள் உலர்ந்தன, விளிம்புகள் உலர்ந்தன. ஆனால் நீரை உள்ளே குடித்திருந்த ஒரு கோடு மட்டும், மயிரிழைபோல், வரிக்குக் குறுக்கே ஈரமாகவே கிடந்தது. தாயர் இடுப்பில் தூக்கிவரும் குழந்தைகளின் தலைக்குமேல் அது தொங்கியிருக்கும் என்று எண்ணியபோது, அவர் கல்லருகே அமர்ந்துவிட்டார்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“கூப்பிட்டாத் திரும்பாம இருந்தீங்களே, அப்பலேர்ந்து. மொதல்ல திமிருன்னுதான் நெனச்சேன்.”

அழுகைக்கு அணியமாயிருந்த அவர் வாய் தன்னையறியாது சிரித்தது. “ஏன் சொல்லல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அவள் ஒதுக்கிய கல் ஒவ்வொன்றையும் அவர் நினைத்துப் பார்த்தார். தம் செவிக்கென்று ஊர் கொடுத்த புகழெல்லாம், தாம் குறைசொல்லி வந்த ஒருத்தி ஓசையின்றி ஈட்டித் தந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மறுநாள் காலை இருவரும் கல்வெட்டும் குழிக்குச் சென்றனர். அங்கே தலைமை பார்த்தவன் அவள் தம்பி.

“என்ன மச்சான், போன கல்லு கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா?”

அங்கே கல்லுடைப்போர் அத்தனை பேர் சுத்தியும் ஓய்ந்த ஓர் இடைவெளியில், இத்தனை காலம் அஞ்சிய சொல்லை அவர் உரக்கச் சொன்னார்: “எனக்குக் காது போச்சு மாப்ள. இவ்வளவு நாளாக் கேட்டதெல்லாம் உங்க அக்கா காது. இனிமே கல்ல அவதான் தட்டுவா.”

தம்பி பெருமூச்செறிந்தான்: “அப்போ அக்கா திட்டுறதும் கேக்காதா? குடுத்து வச்சவரு மச்சான் நீங்க!”

“உனக்கு நல்லாக் கேக்குதுல்ல? வழிய விட்டு நில்லுடா,” என்று சுத்தியைக் கையில் வாங்கினாள் அவள். குழியெங்கும் சிரிப்பெழுந்தது. அவள் கல்லுக்குக் கல் தட்டிச் செல்ல, அவர் அவள் முகத்தையே பார்த்து நடந்தார். ஒரு கல்லின்முன் அது மலர்ந்தது.

அந்தக் கல்லில் அதே வரியை அவர் மீண்டும் வெட்டினார். நாள் குறுகியிருந்ததால், அவர் ஒரு முனையில் எழுத்தின் சுழிகளைத் திருப்ப, அவள் மறுமுனையில் விளிம்பைத் தேய்த்தாள். உளியை எடுத்துவிட்டு உள்ளங்கையைக் கல்லில் பதித்தபோது, அவருக்கு ஒன்று எட்டியது: அவள் கை போகவும் வரவும், போகவும் வரவும், கல்லின் நீளமெல்லாம் கடந்து வந்த மெல்லிய அதிர்வு. இடையில் வெடிப்பிருந்தால் அது வந்திராது. கண்மூடி, கையை எடுக்க மனமின்றி, அவர் நெடுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.