இடப்பக்கம் நின்றுவிட்டால்

மெக்கானிக்கின் மனைவி பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் சர்ச் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷன். “சாமிக்கும் எனக்கும் சண்டையில்ல, பழக்கமும் இல்ல” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் படுத்தபடியே போனில் பிரசங்கம் கேட்டாள். நியாயத்தீர்ப்பு நாள். செம்மறிகள் வலப்பக்கம், மோட்சத்துக்கு; வெள்ளாடுகள் இடப்பக்கம், நரகத்துக்கு. கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. மதியம் திருவிருந்து அப்பம் கொடுக்க வீட்டுக்கு வந்த போதகரிடம் கேட்டேவிட்டாள்.

“ஐயா, இவர இடப்பக்கம் நிறுத்திட்டா நான் வலப்பக்கம் போய் என்ன பண்ண? புரண்டு படுக்கக்கூட எனக்கு அவர்தான் வேணும்.”

போதகர் வாய் திறப்பதற்குள் மெக்கானிக் வாளியோடு உள்ளே வந்தார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க ஐயா. இவள திருப்பிப் படுக்க வைக்கிற நேரம்.”

கிரீஸ் ஏறிய கைகளால் அவளைப் பூப்போலப் புரட்டினார். முதுகில் புண் வந்திருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

“சலிப்பா இருக்காதா?” என்றார் போதகர்.

“இருக்காம? நேத்து கத்திட்டேன். அவளும் பதிலுக்குக் கத்தினா. அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.”

போதகர் அவள் பக்கம் திரும்பினார். “அந்த நாள்ல நியாயந்தீர்க்கிற ராஜா, ‘நான் வியாதியா கிடந்தேன், நீங்க பார்த்துக்கிட்டீங்க’ன்னு சொல்றப்ப, வலப்பக்கம் நிக்கிறவங்க என்ன பண்ணாங்க தெரியுமாம்மா? உங்கள எப்ப பார்த்துக்கிட்டோம்னு திருதிருன்னு முழிச்சாங்க.”

“யாரு முழிச்சது?” என்றார் மெக்கானிக், ஒன்றும் புரியாமல்.

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தீர்ப்பு என் கையில இல்லம்மா. ஆனா இவரைப் பத்தி நான் பயப்படல.”

ஜெபம் பண்ணிவிட்டு அவர் கிளம்பினார். அவளுக்கு நெஞ்சில் பாதி பாரம்தான் இறங்கியிருந்தது. மீதியை அவரா வந்து இறக்க முடியும்?

மெக்கானிக் துணியைப் பிழிந்து அவள் முதுகில் வைத்துக்கொண்டே கேட்டார். “அப்படி என்னத்தக் கேட்ட அவர்கிட்ட?”

“தீர்ப்பு நாளன்னைக்கு உங்கள விசாரிச்சா நீங்க வாயே திறக்காதீங்க. நான் சாட்சி சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“கொதிக்கிற தண்ணிய முதுகுல வச்சாருன்னு சொல்லுவேன்!”

அவர் பதறிப்போய் வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். சூடுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர் எடுத்துவர எழுந்தார்.

“வரும்போது அந்தக் கஞ்சியையும் எடுத்துட்டு வாங்க” என்றாள் அவள்.