விழுந்ததுன்னு எழுதிக் குடு

துறைமுகத்தில் அவரைக் கழுகு என்றுதான் சொல்வார்கள். கடலில் புள்ளியாகத் தெரிகிற படகின் பெயரைக் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றபடியே படித்துவிடுவார் என்பதால் வந்த பட்டம். கோபம் வந்தால் ஆளைக் கொத்திக் குதறிவிடுவார் என்பதும் ஒரு காரணம்தான். அதை மட்டும் அவர் காதுபட யாரும் சொன்னதில்லை.

அன்று காலை சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கதவை அவர் தள்ளிய தள்ளலிலேயே, உள்ளே இருந்தவர்களுக்கு வந்திருப்பது என்ன மாதிரி காற்று என்று புரிந்துவிட்டது. கோபுரத்தின் பைனாகுலர் இருந்த பெட்டியை மேசைமேல் வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி.

"மூணாவது தடவையா வர்றேன். ரெண்டு தடவையும் குறை இல்லைன்னு சீட்டு ஒட்டித் திருப்பிட்டீங்க. வலது பக்கம் புகைமூட்டமா தெரியுது. எனக்குத் தெரியுற குறை உங்களுக்கு மட்டும் ஏன் தெரியல?"

பழுதுபார்க்கும் பெண் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். "சீல் பிரியல சார். உள்ள ஈரமில்ல, பூஞ்சை இல்ல. ரெண்டு குழலும் நேர்கோட்டுல இருக்கு. நானேதான் ரெண்டு தடவையும் பார்த்தேன்."

"இது கீழ விழுந்திருக்கும்மா. விழுந்ததுன்னு எழுதிக் குடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விழுந்ததுக்கு உத்தரவாதமே கிடையாது சார். இங்க வர்றவங்க எல்லாரும் விழவே இல்லைன்னுதான் சத்தியம் பண்ணுவாங்க. வண்டிச் சக்கரம் ஏறின தடத்தோட கொண்டுவந்தவர்கூட பெட்டியிலயே இருந்துச்சுன்னாரு. விழுந்துச்சுன்னு சண்டைக்கு வர்ற முதல் ஆள் நீங்கதான்."

"சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது."

எரிந்தது உண்மை. கோபுரத்தில் இன்னொரு ஷிப்டில் காவல் பார்ப்பவன் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். பைனாகுலர் மங்கலானதிலிருந்து கழுகுக்குச் சந்தேகமே இல்லை: அவன் கைதவறிப் போட்டுவிட்டு வாய் மூடி இருக்கிறான். அதிகாரியிடம் அப்படியே சொல்லியும் விட்டார். சோடாபுட்டி இல்லவே இல்லை என்று சாதித்தான். மறுநாள் விசாரணை. விழுந்தது என்று ஒரு வரி கிடைத்தால் போதும், அவனைக் கோபுரத்திலிருந்து இறக்கிச் சரக்குக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். குறை இல்லை என்று இந்தப் பெண் மறுபடி எழுதினாலோ, பொய்யன் கழுகுதான். அதை அவரால் விழுங்க முடியாது.

"ஜன்னல்கிட்ட வாங்க சார்," என்றாள் அவள். வலது கண்பக்கத்து வளையத்தை நடுக்கோட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாள். "எதிர்க் கட்டிடத்துப் பலகையைப் பாருங்க. இடது கண்ணை மூடிக்கிட்டு."

"மங்கல்தான். இதைத்தானே தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்."

"இப்ப பைனாகுலரை மேல்பக்கம் கீழ வர்ற மாதிரி கவிழ்த்துப் பிடிங்க. இடது குழல் வலது கண்ணுக்கு வந்துரும். குழல்ல குறைன்னா அது இடது கண்ணுக்குப் போயிரணும்."

"பைத்தியக்காரத்தனம்," என்று முணுமுணுத்தபடியே கவிழ்த்துப் பிடித்தார். வலது கண்ணால் பார்த்தார். மங்கல். இடது கண்ணால் பார்த்தார். பலகையில் எழுத்து எழுத்தாக, ஆணி ஆணியாகத் தெரிந்தது. நம்பாமல் நேராகத் திருப்பினார், மறுபடி கவிழ்த்தார். மங்கல் இடம் மாறவேயில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தை மூன்று முறை பழுதுபார்க்கக் கொண்டுவந்திருக்கிறார்.

பைனாகுலரை இறக்கிவிட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். மேசை, விளக்கு, அந்தப் பெண்ணின் முகம் எல்லாமே பால் கலந்த தண்ணீருக்குள் இருந்தன. இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் இடது கண்ணே இரண்டுக்கும் சேர்த்து உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ.

"கண் டாக்டர்கிட்ட காட்டுங்க சார்," என்றாள் அவள் மெதுவாக.

அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளறையிலிருந்து மேலாளர் வந்தார். இரண்டு முறையும் முகத்தையே காட்டாத மனிதர், சத்தம் தெருவரை போனதும் பல்லெல்லாம் தெரியும் சிரிப்போடு வந்துவிட்டார்.

"சார், துறைமுகம் எங்களுக்கு எவ்வளவு பெரிய வாடிக்கை. இதுக்குப் போய் மனஸ்தாபம் எதுக்கு? புதுசே குடுத்துடறோம். விழுந்ததுன்னு எழுதணும்னீங்களாமே, அதையும் எழுதிடலாம்."

சொன்னபடியே புதுப் பெட்டி ஒன்று மேசைக்கு வந்தது. கழுகு கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு போனால் போதும். பழையது பழுது என்று ஊரே நம்பும். சோடாபுட்டி மூட்டை எண்ணப் போவான். கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அவருக்கு வந்த கோபத்தில் காது மடல் சுட்டது.

"நல்லா இருக்கறத எதுக்குய்யா மாத்துற? ரெண்டு தடவை உண்மையை எழுதின பொண்ணு முன்னாடி, என் கத்தலுக்குப் பயந்து பொய் எழுதறேங்கறியே, வெக்கமா இல்ல? ஒருத்தன் பொழப்பு போயிரும்யா அந்த ஒரு வரியில."

மேலாளர் எதுவும் விளங்காமல் பெண்ணைப் பார்த்தார். அவள் தூரிகையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

கழுகு அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டார். "பைனாகுலர்ல ஒண்ணுமில்ல சார். அவன் போடல. என் கண்ணுலதான் குறை."

"அப்போ நாளைக்கு நீ கோபுரம் ஏற முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அடுத்த போனைப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் சோடாபுட்டி அழுவான், இல்லை நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றான் அவன். "அண்ணே, கண்ணை ஒரு தடவை காட்டுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? என் கண்ணாடியைக் காட்டி எல்லாரும் சிரிக்கற மாதிரி நக்கல் பண்ணீங்க. வீட்ல என் பொண்டாட்டியே, உண்மையைச் சொல்லுங்க, போட்டீங்களான்னு கேட்டா. சோறு இறங்கல எனக்கு. நீங்க எல்லாம் ஒரு பெரிய மனுஷன்…"

அதற்குப் பிறகு அவன் சொன்னதை அச்சில் போட முடியாது. கழுகை அப்படிப் பேசிய ஆள் அதுவரை பிறக்கவில்லை. மூச்சு வாங்க அவன் நிறுத்தினான்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"சரி, திட்டு," என்றார் கழுகு. போனை இன்னொரு காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.